அமராவதியின் ஆற்றுப்பாலை

மரத்தை வெட்டுவதென்று கூட்டத்தில் முடிவாகிவிட்டது என்று மாயாண்டி வந்து சொன்னபோது அமராவதி எண்ணெய்த் தகரத்தை வெயில் பக்கமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். சொன்ன மனிதன் சைக்கிளைச் சுவரில் சாத்தவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றான். மனைவிக்குக் கோபம் வரும் நேரங்களில் புறப்படத் தயாராக நிற்பது நல்லது என்பது அவன் இருபது வருடக் குடித்தனத்தில் படித்த பாடம்.

“எந்த மரத்த?” என்று கேட்டாள் அமராவதி, தெரியாதவள் போல.

“நம்ம மரத்தத்தான். ஆத்துப்பாலைய. வேரு வாய்க்காலுக்குள்ள எறங்கி தண்ணிய மறிக்குதாம். சிறுபோகத்துக்குத் தண்ணி தொறக்கிறதுக்கு முன்னாடி வாய்க்கா துப்புரவாக்குறப்ப மரத்தையும் வெட்டிரணும்னு வட்டவிதானையாரு சொல்லிட்டாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

மாயாண்டி சைக்கிள் மணியை ஒருதரம் தடவிப் பார்த்தான். தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையில் இருந்துகொண்டு உலகத்தையே திருத்துகிற வாய் அவனுடையது. கூட்டம் என்று வந்தால் மட்டும் அந்த வாயை வீட்டில் வைத்துவிட்டுப் போவான்.

“தலையாட்டிட்டு வந்துட்டீங்க,” என்று பதிலையும் அவளே சொன்னாள். பிறகு கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், கொண்டையை இறுக்கி முடிந்தாள், படலையைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். மாயாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

கண்டாவளைப் பக்கத்தில் இருந்த அந்தக் குடியேற்றத்தில் கூட்டம் என்றால் அது கூட்டுறவுச் சங்கக்கடை முற்றத்தில்தான் நடக்கும். அவள் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேர் கலைந்துவிட்டார்கள். வட்டவிதானையார் பரமலிங்கம் மட்டும் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வாய்க்கால் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று பங்கிட்டுக் கொடுப்பவர் அவர். ஆகவே ஊரில் கடவுளுக்கு அடுத்தபடி அவரைத்தான் யாரும் பகைத்துக்கொள்வதில்லை. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. சொன்னது சொன்னதுதான் என்று நிற்பவர், அவ்வளவுதான்.

“விதானையாரையா, அந்த மரத்த வெட்டக் கூடாதுங்க,” என்றாள் அமராவதி.

பொம்பிளை ஒருத்தி கூட்டத்தில் வந்து வாய் திறந்ததில் கலைந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஊரில் அன்றைக்கு வேறு வேடிக்கை ஒன்றும் இல்லை.

“மரம் நிக்கிறது வாய்க்கால் காணியிலை. வாய்க்கால் காணி அரசாங்கத்தின்ர. அரசாங்கத்தின்ர காணியிலை உன்ர மரம் என்னெண்டு நிக்கும்?” என்றார் பரமலிங்கம்.

“நிக்கிதுங்களே ஐயா. வந்து பாருங்க.”

யாரோ சிரித்தார்கள். பரமலிங்கம் சிரிக்கவில்லை. வாய்க்காலின் கடைசி மடையில் வயல் வைத்திருக்கும் அப்புத்துரை குறுக்கே புகுந்தார். போன கோடைச் சிறுபோகத்தில் அவருடைய பயிர் கதிர் வரும் நேரத்தில் கருகிப்போயிருந்தது. அந்த எரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

“தண்ணி எனக்கு வந்து சேரமுந்தி உன்ர மரமெல்லோ குடிச்சு முடிக்குது. ஊரிலை இல்லாத ஒரு மரம். வந்த இடத்திலை வந்த சனம், வந்த மரம்.”

அமராவதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புத்துரை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேரு உள்ள எறங்குறது நெசந்தான் ஐயா. நான் இல்லேங்கல. தண்ணி தொறக்கிறதுக்கு முன்னாடி நானும் எங்க ஊட்டுக்காரரும் எறங்கி வேர வெட்டிடுறோம். அந்தப் பக்கம் கல்லு அடுக்கிடுறோம். மரம் நிக்கட்டும். சரியா இல்லையா, நீங்க சொல்லுங்க.”

பரமலிங்கம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு எழுந்தார். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் போவதும் அவருடைய தீர்ப்புகளில் ஒன்று. கதிரையைச் சங்கக்கடைப் பொடியன் உள்ளே தூக்கிக்கொண்டு போனான்.

அந்த மரத்துக்காக அவள் ஏன் இப்படி நின்றாள் என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவளுக்குக் கலியாணம் நடந்தபோது பந்தக்காலாக ஊன்றியது ஆற்றுப்பாலைக் கொப்பு. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குக் கீழே ஓடிய ஆற்றின் கரையில் நீள இலையும் மெல்லிய கிளையுமாக அந்த மரங்கள் நின்றன. அந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு அது ஒரு வழக்கம். எங்கே குத்தினாலும் ஈரம் இருந்தால் முளைக்கிற மரம் என்பதால் கலியாணத்துக்கு அதைத்தான் வெட்டுவார்கள். கலியாணம் முடிந்ததும் பந்தக்காலைப் பிடுங்கி ஆற்றோரத்தில் நட்டுவிடுவார்கள். அமராவதியின் பந்தக்கால் ஒரு கிழமைக்குள் துளிர்த்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு வந்து, அதுவரைக்கும் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்த மருமகளுக்கு முதல்தடவையாகப் பாயாசம் ஊற்றிக்கொடுத்தாள்.

எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் லயத்துக்குத் தீ வைத்தார்கள். ஓடுகிறவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்தார்கள். ஒருத்தி பித்தளைக் குடத்தை எடுத்தாள், ஒருவன் ரேடியோவை எடுத்தான். மாயாண்டி என்னத்தை எடுப்பது என்று தெரியாமல் ஒரு தலையணையோடு வந்து நின்றான். அமராவதி ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு இறங்கி, தன் பந்தக்கால் மரத்தில் ஒரு கொப்பை வெட்டி, நனைந்த சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து லொறியில் ஏறினாள். லொறியில் இருந்த அத்தனை துயரத்துக்கு நடுவிலும் அவளைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை. வழியில் தண்ணீர் கண்ட இடமெல்லாம் இறங்கிச் சாக்கை நனைத்தாள். மகளுக்குத் தாகம் என்று வாங்கிய தண்ணீரில்கூடக் கொப்புக்கு ஒரு பங்கு போனது.

வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டிக் கொட்டில் போட்டார்கள். கொப்பை முதலில் வீட்டு வளவுக்குள் நட்டால் என்ன என்று மாயாண்டி கேட்டான். அமராவதி அதையும் தட்டவில்லை. பாதியை வெட்டி வளவில் நட்டாள், மீதியை வாய்க்கால் கரையில் நட்டாள். பங்குனி வெயிலில் வளவில் நட்டது கரிக்குச்சியாகிவிட்டது. வாய்க்கால் கரையில் நட்டது தழைத்தது. ஐந்து வருடத்தில் வீட்டுக் கூரையை விட உயர்ந்துவிட்டது. பாலை என்றால் பழம் பொறுக்கித் தின்னுகிற பாலையைத்தான் தெரிந்த ஊர்ச்சனம், “இதென்ன பாலை, ஒரு பழத்துக்கும் வழியில்லை,” என்று வந்து நின்று விசாரித்துப் போனார்கள்.

பழம் இல்லைதான். பட்டை இருந்தது. காய்ச்சலுக்கும் மூட்டு உளைவுக்கும் அந்தப் பட்டையை அவித்துக் குடிப்பது தோட்டத்துப் பழக்கம். கொழுந்துக் கூடை சுமந்து இடுப்பு நாரி பிடித்தவர்கள் பட்டையை நல்லெண்ணெயில் ஊறவைத்துத் தேய்ப்பார்கள். அமராவதியும் மரம் கொப்பு விட்ட முதல் வருடமே அப்படி ஒரு போத்தல் போட்டுவைத்தாள். அடுத்த வருடம் திறந்து பார்த்தால் எண்ணெய் செக்கில் இருந்து வந்த அன்றைக்கு எப்படி மணத்ததோ அப்படியே மணத்தது. அதே எண்ணெயில் சமையலுக்கென்று எடுத்துவைத்த போத்தல் வன்னி வெக்கையில் காறி, மூக்கை வைக்க முடியாமல் இருந்தது. இரண்டு போத்தலையும் மாறி மாறி மோந்து பார்த்துக்கொண்டு அவள் குசினியில் வெகுநேரம் நின்றாள். மாயாண்டி வந்து, “என்னா, மூக்கடைப்பா?” என்று கேட்டான்.

அன்றிலிருந்து அவள் வீட்டு எண்ணெய் எல்லாவற்றிலும் ஒரு கீலம் பட்டை கிடந்தது. அடிமரத்தில் கத்தி வைக்கமாட்டாள். இளங்கொப்பைக் கழித்து, அதன் பட்டையை மட்டும் உரித்து, நிழலில் காயவிட்டு, வெயிலில் சூடேறிய எண்ணெயில் போட்டு மூடிவைப்பாள். வயலுக்கு மேலே மேட்டு நிலத்தில் எள் விதைத்தார்கள். எள்ளை மாயாண்டி பரந்தனுக்குச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் ஆட்டிக்கொண்டு வருவான். அமராவதியின் எண்ணெய் காறாது என்ற கதை மெல்ல மெல்ல வேலிகளைத் தாண்டியது. அவள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காதவர்கள்கூட எண்ணெய்க்குப் போத்தலோடு வந்தார்கள். எண்ணெய்க்குச் சாதி கிடையாது என்று மாயாண்டி கடை வாங்கில் பிரகடனம் செய்தான்.

இதற்குக் காரணம் சொன்னவள் மகள் கமலேஸ்வரி. கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் ‘ஆமா’வை விட்டு ஊர்ச்சனம் போல ‘ஓம்’ என்று பழகி, வீட்டிலும் ‘ஓம்’ என்றே பேசுகிறவள்.

“எண்ணெய் காறுறது ஒட்சியேற்றம், அம்மா. காத்திலை இருக்கிற ஒட்சிசன் எண்ணெயைப் பிடிக்கிறதாலைதான் அந்த மணம் வாறது. உங்கட பட்டையிலை இருந்து ஏதோ ஒண்டு எண்ணெய்க்குள்ளை இறங்குது. ஒட்சிசன் வந்தால் அதுதான் முன்னுக்கு நிண்டு அடியை வாங்குது. அது இருக்கும் மட்டும் எண்ணெயிலை கை வைக்கேலாது.”

“முன்னாடி நின்னு அடி வாங்குதா?” என்றாள் அமராவதி. “அப்ப என்னைய மாதிரின்னு சொல்லு.”

மாயாண்டி அப்போதும் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு விளங்கியது. விளங்காத மாதிரி மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டான். அமராவதிக்கு அன்றைக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. படித்த மகள் ஒரு பக்கம், அந்த மகளின் புத்தகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட தன் மரம் இன்னொரு பக்கம். இரண்டும் தன் கையால் வளர்ந்தவை என்று நினைத்துக்கொண்டே படுத்தாள்.

மார்கழியில் பரமலிங்கத்தின் மனைவி பத்மாசனி ஆள் அனுப்பினாள். தையில் மகளுக்குக் கலியாணம். பலகாரம் சுட எண்ணெய் வேண்டும். இரண்டு தகரம் கேட்டாள். அமராவதியிடம் கொடுப்பதற்கு ஒன்றுதான் இருந்தது. மற்றத் தகரத்தை அவர்கள் கடையில் வாங்கிக்கொண்டார்கள். முறுக்கும் அரியதரமும் சிப்பியும் பெட்டி பெட்டியாகச் சுட்டு அடுக்கினார்கள். முற்றத்தில், பந்தக்காலுக்குப் பதிலாக அந்த ஊர் வழக்கப்படி, முள்முருக்கங் கொப்பை வைத்துக் கன்னிக்காலும் ஊன்றினார்கள். கலியாணத்துக்கு அடுத்த கிழமை என்றிருந்தபோது, அதே வளவில் இருந்த பரமலிங்கத்தின் தமையனார் காலையில் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார்.

கன்னிக்கால் ஊன்றிவிட்டால் சாவுத் துடக்கு இல்லை என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். முற்றத்தில் பிரேதத்தை வைத்துக்கொண்டு தாலி கட்டுவதா என்று பரமலிங்கம் கேட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு கழிந்து, பங்குனி உத்தரத்துக்குக் கலியாணம் தள்ளிப்போனது. செத்த வீட்டில் கன்னிக்காலுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? முள்முருக்கு பட்டுப்போனது. பெட்டிகளை யாரும் திறக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் மாசிக் கடைசியில் அந்தக் கூட்டம் நடந்தது, மரத்துக்குத் தீர்ப்பும் வந்தது. வாய்க்கால் துப்புரவுக்குக் குறித்த நாள் கலியாணத்துக்கு நாலைந்து நாள் முந்தி விழுந்தது.

அமராவதி அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. வாய்க்கால் கரைக்குப் போய் மரத்தில் சாய்ந்துகொண்டு நிற்பாள். “வெட்டுனா ஒரு கொப்ப எடுத்து மறுபடி நட்டுக்கலாம் புள்ள,” என்று மாயாண்டி ஆறுதல் சொன்னான்.

“எங்க நடுறது? ஈரம் இருக்கிற எடமெல்லாம் அரசாங்கத்துது. வளவுல நட்டது கருகிப்போனத நீங்க பாத்தீங்கதானே,” என்றாள். “லயம் போச்சு, தோட்டம் போச்சு. அப்ப நான் அழுவல. நட்டது மொளச்சிருக்குன்னு இருந்தேன். இப்ப இதையும் வெட்டிட்டா நாம இங்க வந்ததுக்கு என்னாங்க இருக்கு?”

மாயாண்டியும் மரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டான்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில், நல்ல வெயிலில், பத்மாசனியே குடை பிடித்துக்கொண்டு அமராவதியின் வீட்டுக்கு வந்தாள். அந்தப் படலைக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல்தடவை. வீட்டில் இருந்த ஒரே கதிரையைக் கமலேஸ்வரி தூசி தட்டிப் போட்டாள். பத்மாசனி இருந்து, மடியில் இருந்து இரண்டு கடதாசிப் பொட்டலங்களை எடுத்தாள். இரண்டிலும் முறுக்கு.

“இதை ஒருக்கா மணந்து பாரன், அமராவதி. இனி இதை மணந்து பார்.”

முதலாவதை மூக்குக்குக் கொண்டுபோகும்போதே அமராவதியின் முகம் சுருங்கியது. பழைய எண்ணெயின் காறல். இரண்டாவதை மோந்தாள். அதில் எள்ளும் ஓமமும் மணத்தன. ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டாள். மொறுமொறு என்று நொறுங்கியது.

“மாவும் ஒண்டு, கையும் ஒண்டு, அடுப்பும் ஒண்டு,” என்றாள் பத்மாசனி. “கடை எண்ணெயிலை சுட்ட பெட்டி எல்லாம் இப்பிடிக் காறிப்போச்சு. உன்ர எண்ணெயிலை சுட்டது நேற்றுச் சுட்டது மாதிரிக் கிடக்கு. அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணியோட ரெண்டிலையும் ஒவ்வொண்டு வச்சுக் குடுத்தனான். ஒண்டும் சொல்லேல்லை. ஒண்டைத் துப்பிப்போட்டு, மற்றதைத் திண்டிட்டு, இன்னும் கொண்டுவா எண்டார். பிறகுதான் எது எவையின்ர எண்ணெய் எண்டு சொன்னனான்.”

“எண்ணெய் மட்டும் வேறை. மற்றதெல்லாம் ஒண்டு,” என்று கதவோரம் நின்ற கமலேஸ்வரி துள்ளினாள். “அம்மா, பரிசோதனை எண்டா இப்பிடித்தான் இருக்கவேணும்! நாங்கள் செய்தாலும் இவ்வளவு வடிவாச் செய்திருக்கமாட்டம்.”

“ஓம் பிள்ளை, பரிசோதனைதான்,” என்றாள் பத்மாசனி பெருமூச்சோடு. “எனக்கெல்லோ சோதனை. சம்பந்தி வீட்டார் முன்னாலை இதை வைக்கேலுமோ? அரைவாசியைத் திருப்பிச் சுடவேணும். உன்னட்டை எண்ணெய் இருக்கோ?”

இருந்தது. புது எள்ளில் ஆட்டிய தகரம் மூலையில் மூடியோடு நின்றது. மாயாண்டி கொல்லைப்பக்கத்தில் இருந்து கையைக் காட்டி, கண்ணைக் காட்டி, தலையை ஆட்டி, மரத்தைப் பற்றிக் கேள் என்று படாதபாடு பட்டான். அமராவதியின் தொண்டை வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. எண்ணெய் வேண்டுமா, மரத்தை விடச் சொல்லுங்கள். நாலு சொல்தான். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே காரியம் முடிந்திருக்கும்.

அவள் எழுந்துபோய்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பத்மாசனியின் காலடியில் வைத்தாள். அதற்கு மேலே காய்ந்த பட்டைக் கட்டு ஒன்றையும் வைத்தாள்.

“மிஞ்சுற எண்ணெயில இதப் போட்டு வைங்கம்மா. வெயில்ல கொஞ்சம் சூடேத்திட்டுப் போடுங்க.”

பத்மாசனி தகரத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “மரத்தைப் பற்றி நீ ஒண்டும் கேக்கேல்லையே.”

“அத நான் ஐயாகிட்ட கேட்டாச்சும்மா. கூட்டத்துல, எல்லாரு முன்னாடியும் கேட்டேன். பதிலும் அங்கயே வரட்டும்.”

பத்மாசனி, கமலேஸ்வரி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியை எடுத்து முழுவதும் குடித்தாள். அதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். படலையில் நின்று குடையை விரித்தபோது அவளுடைய கண் வாய்க்கால் கரைக்குப் போனது.

“எங்கட கன்னிக்காலும் பட்டுப்போச்சு, தெரியுமோ? அதுக்கும் சனம் வாய்க்கு வந்தபடி கதைக்குது. மகள் இருந்து அழுகிறாள்.”

“எங்க பந்தக்கால் அதுதாம்மா,” என்று மரத்தைக் காட்டினாள் அமராவதி. “தோட்டத்துல ஊனுனது. அங்க எரிச்சாங்க, இங்க வந்து மொளச்சுச்சு.”

பத்மாசனி போன பிறகு மாயாண்டி தலையில் அடித்துக்கொண்டான். “ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? வாசல்ல வந்து நின்ன அதிர்ஷ்டத்தத் தகரத்தோட தூக்கிக் குடுத்துட்டியே.”

“அந்தப் புள்ள கலியாணத்த வச்சு நான் பேரம் பேசணுமா?” என்றாள் அமராவதி. “என் எண்ணெய் அவங்க வீட்டுல போய் வாயத் தொறந்து சொல்லியாச்சு. அதுக்கு மேல நான் சொல்றதுக்கு என்னா இருக்கு?” சொன்னாளே தவிர, அன்றைக்கும் அவள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. கர்வம் வயிற்றை நிரப்பாது. ஆனால் அதை விட்டுவிட்டுச் சாப்பிடவும் அவளுக்குத் தெரியாது.

துப்புரவு நாள் வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே ஊர் மண்வெட்டிகளோடு வாய்க்காலில் இறங்கிவிட்டது. மேல் மடையில் இருந்து புல்லைச் செதுக்கிக்கொண்டு, மண்ணை அள்ளிக்கொண்டு, பகிடி விட்டுக்கொண்டு வந்தார்கள். அமராவதி வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, தன் மண்வெட்டியோடு மரத்தடியில் நின்றாள். பக்கத்தில் கமலேஸ்வரி. மாயாண்டிகூட அன்றைக்கு அவளுக்கு முன்னால் ஓரடி எடுத்து வைத்து நின்றான்.

வேலை மரத்தடிக்கு வந்ததும் பகிடிகள் நின்றன. அப்புத்துரை கோடரியைத் தோளில் இருந்து இறக்கினார். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பரமலிங்கத்தைப் பார்த்தார்கள்.

பரமலிங்கம் கரையில் ஏறி வந்தார். மரத்தை அடியில் இருந்து நுனி வரைக்கும் பார்த்தார். ஒரு இலையைப் பிடுங்கி விரலில் கசக்கி மோந்தார். பிறகு அமராவதியின் பக்கம் திரும்பினார். இத்தனை வருடமும் ‘நீ’ என்று பேசிய மனிதர், அன்றைக்குப் பேச்சையே வேறு மாதிரித் தொடங்கினார்.

“அண்டைக்குக் கூட்டத்திலை நீங்கள் என்னட்டை ஒண்டு கேட்டனீங்கள். நான் மறுமொழி சொல்லாமல் எழும்பிப் போட்டன். அது பிழை. இப்ப எல்லாரும் நிக்கினம், சொல்லுறன். மரம் நிக்கட்டும்.”

அமராவதியின் கை மண்வெட்டிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

“அப்ப என்ர தண்ணி?” என்றார் அப்புத்துரை.

“வேரை ஒரு பக்கம் கழிச்சுப்போட்டு, வாய்க்காலை இந்த இடத்திலை கொஞ்சம் வளைச்சு எடுப்பம். கரைக்குக் கல்லு அடுக்குவம். இத்தினை மண்வெட்டி நிக்குது, ஒரு வளைவு வெட்டேலாதோ? உன்ர வயலுக்குத் தண்ணி வராட்டி என்னட்டை வந்து கேள்,” என்றார் பரமலிங்கம். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் வாய்க்கால் முழுவதற்கும் கேட்டது. “இனி நான் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்குக் கன்னிக்கால் திருப்பி ஊண்டவேணும். முள்முருக்கை இனி நான் நம்பமாட்டன். இந்த மரத்திலை ஒரு கொப்புத் தருவீங்களோ?”

யாருடைய மண்வெட்டியோ கல்லில் பட்டு ஒலித்தது. வந்த இடத்தில் வந்த மரம் என்று சொன்ன அப்புத்துரை கோடரியை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

அமராவதிக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. எரிந்த லயமும், நனைந்த சாக்கும், லொறியில் சிரித்த நாலு பேரும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து போனார்கள். முதுகை நிமிர்த்தினாள். அன்றைக்கு அந்த வாய்க்கால் கரையில் அவளை விட உயரமானவர் யாரும் இல்லை.

“கத்தியக் குடுங்க,” என்று மாயாண்டியிடம் கையை நீட்டினாள். “எதுன்னு நான் பாத்து வெட்டித் தர்றேன்.”

கரைச்சரிவில் கால் ஊன்றி ஏறினாள். கைக்கு எட்டிய கொப்புகளை விலக்கினாள். உள்ளே, கிழக்கைப் பார்த்து, ஒரு கணு கோணாமல் நேரே ஏறிய கொப்பு ஒன்று இருந்தது. இரண்டு வருடமாக அவள் அதில் ஒரு இலை பறிக்க விட்டதில்லை. பட்டைக்குக் கழிக்கும்போதெல்லாம் அதை மட்டும் சுற்றி வந்து மற்றதைக் கழிப்பாள். எதற்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதன் அடியில் கத்தியை வைத்தாள்.

“அம்மா,” என்றாள் கமலேஸ்வரி. “அது…”

“தெரியும்.”

ஒரே வெட்டு. கொப்பைக் கீழே விழ விடாமல் மறு கையால் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். பரமலிங்கம் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

“அடி கீழ, நுனி மேல. மாத்தி நட்டுறாதீங்க ஐயா. தண்ணிய மட்டும் மறந்துறாதீங்க.”

“தண்ணி பங்கிடுற எனக்கே நீங்கள் தண்ணி சொல்லித் தாறீங்கள்,” என்றார் பரமலிங்கம். வாய்க்கால் முழுவதும் சிரித்தது. அப்புத்துரைகூடச் சிரித்தார். கொப்பை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு பரமலிங்கம் கரையோரமாக நடந்துபோனார்.

கமலேஸ்வரி தாயின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அது எனக்கெண்டெல்லோ வச்சிருந்தனீங்கள்?”

“மரம் நிக்கிதுல்ல புள்ள,” என்றாள் அமராவதி. “உனக்கு இன்னொண்ணு வளரும்.”

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, வளைவு தொடங்கவேண்டிய இடத்தில் முதல் வெட்டை அவளே வெட்டினாள்.